பன்னிரண்டு டின்னும் ஒரு திருப்புளியும்

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் இல்லை. காய்ச்சலா, ஊருக்குப் போய்விட்டாரா என்று ஆசிரியரிடம் ஆறேழு பேர் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். நன்றி. காய்ச்சல் இல்லை... வெட்கம்!

ஒரு பெண்ணின் மூன்று மாத உழைப்பை மூன்றே நிமிஷத்தில் பாழாக்கிவிட்டு வந்து, ஊருக்குப் புத்தி சொல்லும் பத்தியை எந்த முகத்தோடு எழுதுவது? நீங்களே சொல்லுங்கள்.

பாச்சாங்கில் என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, சித்தி வீட்டில் தங்கியிருக்கிறாள் ருக்குமணி. டவுனில் பெண்கள் பள்ளிக்கூடத்து சயன்ஸ் டீச்சர். அப்பா முனியாண்டி, ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் லாரி டிரைவர். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பிறந்து, சிங்கப்பூர் யுனிவர்சிட்டியில் கெமிஸ்ட்ரி படித்துப் பட்டம் வாங்கியவள். என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

இந்தப் பெண் ஒரு ஃபெலோஷிப்புக்கு மனுப் போட்டிருந்தாள். அது என்ன என்று கேட்பீர்கள்... எனக்கும் முதலில் தெரியாது. ரப்பர் வியாபாரத்தில் சம்பாதித்த ஒருவர், கண்ணை மூடுவதற்கு முன் தன் சொத்தில் ஒரு பங்கை அறக்கட்டளைக்கு எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். சயன்ஸோ என்ஜினியரிங்கோ படித்தவர்கள் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்ய இங்கிலாந்து போகலாம். கப்பல், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் மூன்று வருஷத்துக்கு அவர்கள் பொறுப்பு.

நம் ஆட்கள் தர்மத்துக்குக் கொடுக்காதவர்களா என்ன? கோயிலுக்கு மணி வாங்கித் தருவார்கள். தைப்பூசத்துக்கு ஆயிரம் பேருக்குச் சோறு போடுவார்கள். ஆனால் ஒருத்தரை மூன்று வருஷம் உட்கார வைத்து, "நீ யோசி, செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பது... அதுவும், யோசித்து முடித்துவிட்டு "இது நடக்காது" என்று வந்து சொன்னாலும் கோபித்துக்கொள்ளாமல் இருப்பது... அதற்குப் பெரிய மனசு வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், மூன்று வருஷத்துக்கு ஒருமுறைதான் கொடுப்பார்கள். அதுவும் ஒரே ஒருவருக்கு. அடுத்த தடவை வருவதற்குள் ருக்குமணி வயது வரம்பைத் தாண்டிவிடுவாள். இந்த முறை விட்டால் விட்டதுதான்.

அவளுடைய ஆராய்ச்சி ரப்பர் பாலைப் பற்றியது. மரத்திலிருந்து இறக்கிய பால் சீக்கிரமே உறைந்துவிடும். உறையாமல் கப்பலேற்ற அமோனியா ஊற்றுகிறார்கள். அந்த நெடிக்குப் பக்கத்தில் நிற்க முடியாது, செலவும் அதிகம். அமோனியாவைக் குறைத்து, கூடவே வேறொரு மருந்தைச் சேர்த்தால் என்ன? இதுதான் அவள் கேள்வி. பன்னிரண்டு டின்னில் பன்னிரண்டு அளவு. காலிப் பால்மாவு டின்களைக் கழுவி, மூடியைச் சுற்றி ஈயம் பற்றவைத்துக் கொடுத்தவர் முனியாண்டி. தோட்டத்து வீட்டில் மூன்று மாதம் காற்றுப் புகாமல் அப்படியே வைத்திருந்தார்கள். இன்டர்வியூவில் புரொபசர் ஒருவர் தன் கையால் திறந்து பார்ப்பதாக ஏற்பாடு.

இதையெல்லாம் அவள் முன்பே எனக்கு விளக்கியிருக்கிறாள். பெரிய மனுஷத் தோரணையில் தலையாட்டினேன். காதில் விழுந்தது பாதி.

இன்டர்வியூ திங்கட்கிழமை. முந்தின புதன்கிழமை ஆபீஸ் வேலையாக நான் ஜாசின் போகவேண்டியிருந்தது. டின்களை நானே காரில் கொண்டுவருகிறேன் என்று வலியப் போய்ச் சொன்னேன். ருக்குமணிக்குப் பள்ளியில் பரீட்சை நேரம், லீவு கிடைக்காது. என்னிடம் ஒரு கவரைக் கொடுத்து, போலீஸ் ரோட் பிளாக்கில் காட்டினால் போதும் என்றாள். சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கவர் எதற்கு? வாராவாரம் பத்திரிகையில் படம் வருகிறவனை யார் நிறுத்தப்போகிறார்கள்?

நிறுத்தினார்கள்.

டின்களை ஏற்றிக்கொண்டு திரும்பும் வழி. எனக்கு முன்னால் ஒரு லாரி, இரண்டு டாக்சி, ஒரு பஸ். லாரியிலிருந்து சாமான்களை ஒவ்வொன்றாக இறக்கிப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் காரின் பின்பெட்டியில் என்ன இருக்கிறது? பன்னிரண்டு பால்மாவு டின்! படம் போட்ட பேப்பர்கூடக் கிழியவில்லை. சீல் உடையாத டின்!

இந்த அவசரகாலத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டுமா? காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று, கடையில் டின்னை வாங்கும்போதே முதலாளி இரண்டு ஓட்டை போட்டுத்தான் தருகிறார். நமக்கும் பழகிவிட்டது. ஓட்டை இல்லாத டின்னைப் பார்த்தாலே நாமே ஒன்று போட்டுவிடத் தோன்றுகிறது.

நான் சட்டத்தை மதிக்கிறவன். கருவி வைத்திருக்கிறவனும்கூட. காரை ஓரம் கட்டினேன். பின்பெட்டியில் கிடந்த திருப்புளியை எடுத்தேன். ரோட்டோரத்தில் ஒரு கல். டின்னுக்கு இரண்டு வீதம், வரிசையாகக் குத்தினேன். அமோனியா நெடி மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீராகக் கொட்டியது. ஆனாலும் மனசுக்குள் பெருமை. அந்தப் பெண்ணை ஒரு வழக்கிலிருந்தே காப்பாற்றிவிட்டேன் அல்லவா?

என் முறை வந்தது. ஸ்பெஷல் கான்ஸ்டபிள், நம் தமிழ் ஆள், பின்பெட்டியைத் திறந்து பார்த்தார். குனிந்து ஓட்டைகளை எண்ணினார். அப்புறம் ரொம்பப் பணிவாகக் கேட்டார்:

"ஐயா, ஸ்டேஷன்லேருந்து காலையிலேயே போன் வந்திருச்சு. பன்னெண்டு டின் வரும், யாரும் தொடக்கூடாதுன்னு. நாங்க தொடலையேலா... நீங்க ஏன் தொட்டீங்க?"

சட்டைப் பையிலிருந்து கவரை எடுத்துப் பிரித்தேன். போலீஸ் அதிகாரியின் கையெழுத்து. ஆராய்ச்சி மாதிரிகள், மூடியைத் திறக்கவோ துளையிடவோ கூடாது.

ஜாசினிலிருந்து பாச்சாங் வரை நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்று எனக்கே தெரியாது. விஷயத்தைக் கேட்ட என் மனைவி பார்வதி, எப்போதும் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசுகிறவள், திருப்புளியை மட்டும் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அதுதான் பயமாக இருந்தது.

மத்தியானம் ருக்குமணி வந்தாள். டின்களைப் பார்த்தாள். கத்துவாள், திட்டுவாள் என்று தயாராக நின்றேன். அவள் கைப்பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள்.

"எத்தனை மணிக்குக் குத்துனீங்க மாமா?"

அதெல்லாம் இப்போது எதற்கம்மா என்றேன்.

"மணி சொல்லுங்க."

பத்து இருபத்தைந்து. ஆபீசுக்கு நேரமாகிறதே என்று அப்போதுதான் கடிகாரத்தைப் பார்த்திருந்தேன். ஒன்றாம் நம்பரிலிருந்து வரிசையாகவா என்று கேட்டாள். வரிசையாகத்தான், நான் எதையும் ஒழுங்காகத்தான் செய்வேன் என்று சொன்னேன். இதிலும் ஒரு பெருமை எனக்கு! எல்லாவற்றையும் எழுதினாள். நோட்டை மூடினாள். அப்புறம்தான் சமையல்கட்டுக்குள் போனாள். அவள் அழுதது எங்களுக்குக் கேட்டது. பார்வதியும் உள்ளே போய் அவளோடு சேர்ந்து அழுதாள். நான் வாசலில் நின்றுகொண்டு என்னையே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை முனியாண்டி பஸ் ஏறி வந்தார். என் கையைப் பிடித்து நாலு அடி அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். அவர் சாவகாசமாக வெற்றிலை போட்டுக்கொண்டே சொன்னார்: "புது டின்னு பன்னெண்டு கழுவி வச்சிட்டேன் சார். எங்க தோட்டத்துல பாலுக்கா பஞ்சம்?"

ஆனால் மூன்று மாதத்துக்குப் பஞ்சம் இருக்கிறதே. திங்கட்கிழமைக்கு இரண்டே நாள்தான் பாக்கி.

நீங்கள் வரவேண்டாம் மாமா என்று ருக்குமணி சொல்லியிருந்தாள். கேட்பேனா? கோட்டு மாட்டிக்கொண்டு போனேன். சீட்டு எழுதி உள்ளே அனுப்பினேன். கூப்பிட்டார்கள். மேசைக்கு இந்தப்பக்கம் ருக்குமணி, அந்தப்பக்கம் மூன்று பேர்: வெள்ளைக்காரப் புரொபசர், ரிட்டையரான நம் என்ஜினியர் ஒருவர், அறக்கட்டளையை நடத்தும், அந்த ரப்பர் வியாபாரியின் மகன் முதலாளி. குற்றம் முழுவதும் என்னுடையது என்று ஆரம்பித்து, அவசரகாலம், சட்டம், மனசாட்சி என்று போய்க்கொண்டிருந்தேன். என்ஜினியர் கையைக் காட்டி நிறுத்தினார். பத்தி எழுதுகிறவர் நீங்கள்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். படிக்கும்போதும் நீளமாகத்தான் இருக்கிறது என்றார். உட்கார்ந்துவிட்டேன்.

புரொபசர் ருக்குமணியின் நோட்டை வாங்கிப் புரட்டினார். கடைசிப் பக்கங்கள் வந்ததும் நின்றார். புதன்கிழமை பத்து இருபத்தைந்திலிருந்து, ஓட்டை விழுந்த ஒவ்வொரு டின்னும் எப்போது நாற ஆரம்பித்தது, எப்போது கெட்டியானது... ஐந்து நாள் விவரத்தையும் எழுதிவைத்திருந்தாள் அந்தப் பெண். கெட்டுப்போனதைக்கூட விடவில்லை. மணி சரிதானா என்று புரொபசர் என்னைக் கேட்டார். சத்தியம் செய்தேன்.

பிறகு அவர் கேட்டது ஆங்கிலத்தில். ஏழாம் நம்பர் டின் மட்டும் ஞாயிற்றுக்கிழமை வரை உறையவில்லையே, காற்றுப் பட்டும் தாங்கியிருக்கிறதே, அப்படியானால் உன் மருந்து வெற்றி என்று வைத்துக்கொள்ளலாமா?

ஆமாம் என்று சொல் பெண்ணே! என் மனசு அடித்துக்கொண்டது. அவரே கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார். நானாக இருந்தால் தலையெழுத்து மாறிவிட்டது என்று காலில் விழுந்திருப்பேன்.

அவள் இல்லை என்றாள். ஒரே ஒரு டின்னை வைத்து எதையும் சொல்ல முடியாது, ஓட்டை சின்னதாக விழுந்திருக்கலாம் என்றாள்.

மகன் முதலாளி முதல்முறையாக வாயைத் திறந்தார். தமிழில் கேட்டார். மனுப் போட்ட மற்ற இரண்டு பேரும் ஆராய்ச்சி முடிவோடு வந்திருக்கிறார்கள், உன்னிடம் காட்ட ஒன்றும் இல்லை, எதை நம்பிக் கொடுப்பது?

"டின்னு போயிருச்சு சார். எப்படிச் செஞ்சேங்கிறது போகலை, நோட்டுல இருக்கு. மறுபடி செஞ்சா மறுபடி வரணும். வரலைன்னா, மொதத் தடவை வந்திருந்தாலும் அது பொய்தான்."

குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்த வாரம் முழுக்கப் பேனாவைத் தொடவில்லை. நல்ல காரியம் செய்கிறோம் என்ற நினைப்பில் நாம் செய்யும் கெடுதலுக்கு அளவே இல்லை என்று பட்டது. கெடுதல் செய்கிறவனாவது சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் செய்வான். நல்லது செய்கிறவனுக்கு அந்தப் பயமும் கிடையாது. கையில் கிடைத்ததை எடுத்துக் குத்திவிடுகிறான்.

இந்த வியாழக்கிழமை கடிதம் வந்தது. ருக்குமணிக்கே கொடுத்துவிட்டார்கள்!

கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். "மாமா, கெடச்சிருச்சு" என்று சொன்னவள் மேற்கொண்டு பேச முடியாமல் பார்வதியைக் கட்டிக்கொண்டாள். கடிதத்தை நான் மூன்று தரம் படித்தேன். ஆராய்ச்சியின் முடிவுக்காக அல்ல, ஆராய்கிறவரின் நேர்மைக்காகவே தருகிறோம் என்று ஒரு வரி இருந்தது. அந்த வியாபாரி எழுதிவைத்துவிட்டுப் போனது வீண்போகவில்லை. டின்னைப் பார்த்துக் கொடுப்பவர்கள் எங்கும் இருக்கிறார்கள். இவர்கள் ஆளைப் பார்த்துக் கொடுத்தார்கள்.

மூன்று மாதம் கழித்து சிங்கப்பூரில் கப்பல். அதற்குள் முனியாண்டியின் புது டின்களும் பக்குவத்துக்கு வந்துவிடும். அவற்றையும் கூடவே கொண்டுபோகப் போகிறாளாம். எனக்குப் பழைய தைரியம் திரும்பிவிட்டது. சிங்கப்பூர்வரை என் காரிலேயே கொண்டுபோய் விடுகிறேன், உன்னையும் டின்களையும் என்றேன்.

ருக்குமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள்.

"நான் வர்றேன் மாமா. டின்னை அப்பா லாரியில அனுப்பிக்கிறேன்."

என்னை நம்பி உயிரைக் கொடுப்பாளாம்... டின்னை மட்டும் கொடுக்க மாட்டாளாம்!