மூன்று கிளைகளில் ரெஜிஸ்ட்ரி துடைத்த கதை

கம்ப்யூட்டர் சர்வீஸ் என்றால் ஏசி அறையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று நம்பித்தான் என் மாமனார் பெண் கொடுத்தார். பாதி வேலை பஸ்ஸில் என்பது உங்களைப் போன்ற சக சர்வீஸ்காரர்களுக்குத்தான் தெரியும்.

ஒரு பார்சல் கம்பெனியில் பழைய பில்லிங் புரோகிராமை எடுத்துவிட்டுப் புதிது போட்டார்கள். எடுத்தது போய்விட்டது, ஆனால் ரெஜிஸ்ட்ரி, அதாவது கம்ப்யூட்டரின் ஞாபகம், விடவில்லை. தினமும் காலையில் ஆன் செய்ததும் "ஃபைலைக் காணோம், காணோம்" என்று ஒரு புலம்பல். மூன்று கிளைகளிலும் அதைத் துடைக்க என்னை அனுப்பினார்கள். மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் என் மனைவி ஷீபா, ஊருக்கு வருகிறாளா, மறுபடி கான்ட்ராக்ட் எழுதுகிறாளா என்று அந்த வாரம்தான் சொல்ல வேண்டும். எனக்கு வேலையில் மனசே இல்லை.

பினு சொல்லாத பாஸ்வேர்டு

அவரவர் பெயரில் உள்ளே நுழைந்தால் அவரவர் குப்பையைச் சுலபமாக அள்ளலாம். அருமனைக் கிளையில் பில் போட்ட பினு துபாய் போய்விட்டான். போன் போட்டேன். வெளியே ரப்பர் தோட்டத்தில் மழை கொட்டியது. "பாஸ்வேர்டைச் சொல்லுடே, பஸ்ஸைப் பிடிக்கணும்" என்றேன். ஹலோ, ஹலோ என்றேன்.

"அண்ணே, பேசாதீங்க, மழை கேக்குது. போனைக் கொஞ்சம் ஜன்னல் பக்கமா பிடிங்க, பாஸ்வேர்டு பொறவு சொல்லுதேன்."

மௌஸை விடாத அக்கா

வேலையை விட்டுப் போனவர்கள் பெயரையும் தூக்கிவிடச் சொல்லியிருந்தார் முதலாளி. கடியப்பட்டணத்தில் கம்ப்யூட்டரைத் திறந்தால் முதலில் அப்படிப் போன ஒருவர் பெயர், மேலே மீசையோடு அவர் போட்டோ. பெயரை எடுத்தால் போட்டோவும் போய்விடும். கை வைக்கப் போனேன். கேஷியர் ரெஜினா அக்கா மௌஸைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவர் அக்காவின் வீட்டுக்காரராம். முன்பு அதே நாற்காலியில் இருந்தவர், இப்போது கத்தாரில். "வீட்ல போட்டோ இல்லியா அக்கா?" என்று வாயைக் கொடுத்தேன்.

"வீட்டுல உள்ளது கல்யாணப் போட்டோ மக்கா, பவுடர் போட்ட மூஞ்சி. இதுல உள்ளதுதான் என் ஆளு. தொட்டியானா கைய ஒடிச்சிருவேன்."

ஷீபா கூப்பிட்டாள்

வீட்டுக்காரர் பாஸ்வேர்டை அக்காவே அடித்துத் தந்தாள். போட்டோவை விட்டுவிட்டுக் குப்பையை மட்டும் அள்ளினேன். மறுநாள் சுசீந்திரம். கடைசிக் கம்ப்யூட்டரில் இருக்கும்போது போன் அடித்தது. எடுத்ததும் "சாப்ட்டீங்களா?" என்றாள் ஷீபா. அவள் குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னும் ரெண்டு வருசத்துக்கு எழுதிக் குடுத்திட்டேங்க. வீடு பாதியில நிக்குதுல்லா."

வீடு கிடக்கட்டும், நீ வாட்டி என்று வாய் வரைக்கும் வந்தது. அழுகைதான் முந்திக்கொண்டு வந்தது. சுற்றிலும் ஆட்கள். சும்மா மௌஸை நகர்த்திக்கொண்டே இருந்தேன்.

"ஏன் ஒண்ணும் பேச மாட்டேங்கிய? ஏசணும்னா ஏசுங்க. நல்லா சத்தமா ஏசுங்க, உங்க கொரலாவது பக்கத்துல கேக்கட்டும்."

ஆகவே மக்களே, ஒரு சர்வீஸ்காரன் ஆபீஸ் நடுவில் நின்று போனில் கத்தினால், கம்ப்யூட்டரில் கோளாறு என்று ஓடி வந்துவிடாதீர்கள். அவன் பெண்டாட்டியோடு கொஞ்சிக்கொண்டிருக்கிறான்.