மறுமுனையில் அமராவதி

இது கட்டுக்கதை இல்லை. சந்தேகப்படுபவர்கள் கடலூர் கேப்பர் மலைக்கு வாருங்கள். வீடு இருக்கிறது. கீழ்த்தளத் தூணில் அந்தப் பாதிக் கோடும் இருக்கிறது. அதை மட்டும் நான் பூச விடவில்லை.

2008 ஆகஸ்ட். அண்ணாமலை நகரில் வேலை பார்த்த எழிலரசி மேடத்தின் குடும்பத்துக்காக நான் வரைந்த வீடு அது. சாலையிலிருந்து பின்பக்கம் பன்னிரண்டு அடி இறங்கும் சரிவு மனை. "மண்ணக் கொட்டி மட்டமாக்கிடுப்பா" என்று ஊரே புத்தி சொன்னது. நான் கேட்டால்தானே. சரிவை அப்படியே விட்டு, நாலு நாலடியாக இறங்கும் கான்கிரீட் வீடு போட்டேன். மேலே ஹால், கடைசியில் படுக்கையறைகள். இப்படிப்பட்ட வீட்டில் மட்டம் அரை அங்குலம் பிசகினாலும் மானம் போய்விடும்.

என் சூப்பர்வைசர் லூர்துசாமி, காத்தவராயனைக் கூட்டி வந்தார். ஐம்பது வயதுக் கொத்தனார். சைக்கிள் கேரியரில் சுருட்டிய டியூப். மட்டம் பார்க்க, அதில் தண்ணீர் நிரப்பி ஆளுக்கொரு முனையைப் பிடிக்க வேண்டும். தண்ணீர் ஆட்டம் நின்றதும், அது நிற்கும் உயரத்தில் இரண்டு பக்கமும் கோடு போட வேண்டும். ஒரு முனை கீழே விழுந்தால் தண்ணீர் கொட்டிவிடும்.

"கீழ் முனைய என் பொஞ்சாதி புடிப்பா சார். மட்டம் பாக்கும்போது யாரும் கீழ போவாதீங்க. எட்டியும் பாக்காதீங்க."

சரியான சந்தேகப் பேர்வழி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

நடுவில் ஆளுயரச் சுவர் எழும்பியிருந்தது. அந்தப் பக்கம் தெரியாது.

"சரியா?" என்பார்.

கொஞ்ச நேரம் கழித்து, "சரி மாமா."

மெல்லிய குரல். அதைக் கேட்டதும் அவர் முகம் மலரும். அவ்வளவு சந்தோஷமான ஆளை நான் எந்த சைட்டிலும் பார்த்ததில்லை.

நாலு நாள் இப்படியே வேலை நடந்தது. என் மட்டக் கருவியை வைத்தும் சோதித்தேன். ஒரு கோடுகூட மயிரிழை பிசகவில்லை.

ஆனால் அந்த அம்மா வந்ததை நான் பார்க்கவில்லை. போனதையும் பார்க்கவில்லை. சைக்கிளில் அவர் மட்டும்தான் வருவார். இரண்டு டீ வாங்கி, ஒன்றைக் கீழே வைத்துவிட்டு வருவார். சாயங்காலம் அது ஆடை படிந்து அப்படியே இருக்கும். கீழே ஈர மணலில் ஒருவருடைய காலடிதான் இருக்கும். அது காத்தவராயனுடையது.

ஐந்தாம் நாள். மாலை 5.52. லூர்துசாமி கம்பி வாங்கப் போயிருந்தார். கடைசித் தூண்.

"சரியா?"

"சரி மாமா."

என் புத்தி சும்மா இருக்கவில்லை. சத்தம் போடாமல் சுவரைச் சுற்றி இறங்கினேன்.

யாரும் இல்லை.

டியூப்பின் முனை... தூணை ஒட்டி... நெஞ்சுயரத்தில்... அந்தரத்தில் நின்றது.

டியூப்பில் விரல் அழுத்திய பள்ளம்.

சர்ர்ர்...

தூணில் ஒரு கோடு. தானாக நீண்டது.

என் காலடியில் ஒரு கல் உருண்டது.

கோடு நின்றது.

சொத்...

டியூப் விழுந்தது. தண்ணீர் என் பாதத்தில் கொட்டியது.

"பாத்துட்டீங்களா சார்?"

சுவருக்கு அப்பாலிருந்து காத்தவராயன் கேட்டார். திட்டவில்லை. இறங்கி வந்து மறுபடி தண்ணீர் நிரப்பினார். கீழ் முனையைத் தூணில் சாய்த்து வைத்தார். மேலே போய்க் கூப்பிட்டார்.

"அமராவதி... சரியா?"

6.40 வரை கூப்பிட்டார். பாவி நான், அந்த முனையை எடுத்துப் பிடித்துக்கொண்டேன். 'சரி' என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. அழுகைதான் வந்தது.

மறுநாள் அவர் வரவில்லை. லூர்துசாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"கொரலா? எனக்கு எதுவும் கேட்டதில்லயே சார். முனைய கம்புல கட்டிட்டுத் தனக்குத்தானே பேசிக்குவாருன்னு நெனச்சேன். அந்தப் பொம்பள செத்து மூணு வருசம் ஆவுது. பண்ருட்டிப் பக்கம், இதே மாதிரி மனை. டியூப் புடிச்சிக்கிட்டு நின்னா, மண்ணு சரிஞ்சு மூடிடுச்சு. அதுலேர்ந்து மேடு பள்ளமா இருந்தாத்தான் மட்டம் பாக்க வருவாரு."

"ஏன்?"

"மட்டத் தரையில எதிர்ல ஆளு இல்லன்னு தெரிஞ்சிடும்ல."

2012-ல் சிதம்பரத்தில், மேடு பள்ளமே இல்லாத ஒரு தெருவில், அவரைப் பார்த்தேன். சுவர் பூசிக்கொண்டிருந்தார். ரொம்ப மெலிந்திருந்தார். மன்னிப்புக் கேட்டேன்.

"இப்ப டியூப் வேலைக்குப் போறதில்ல சார்" என்றார். கரணையைக் கீழே வைத்தார். "அந்தக் கடைசித் தூணு... கோடு போட்டாளா?"

"பாதி போட்டிருந்தாங்க."

அவர் கீழே வைத்த கரணையை எடுத்துத் துடைத்தார்.

"பண்ருட்டியிலயும் பாதிதான் சார் போட்டிருந்தா."