செருப்புல வந்த வைரஸ்

வைகையில வெள்ளம் வந்து தரைப்பாலம் முங்குச்சுல்ல, அந்த மழை விட்ட கையோட நடந்தது இது. எங்க வீட்டுப் பின்செவரு அப்பத்தான் விழுந்துச்சு. அதக் கட்ட வந்த கொத்தனாரு பண்ணுன கூத்து இருக்கே... அது கெடக்கட்டும்.

அப்ப நான் கே.கே. நகர்ல ஒரு சேலைக் கம்பெனிக்கு வாட்ச்மேன். சுங்கடிச் சேலை, வெளிநாட்டுக்குப் போகும். டிசைனு, ஆர்டரு, பார்ட்டி விலாசம் — அம்புட்டும் ஒரே கம்ப்யூட்டர்ல. அதுக்குன்னு கண்ணாடி ரூமு, ஏசி. எங்களுக்கு ஃபேனே ஒழுங்காச் சுத்தாது.

ரூமு வாசல்ல ஒரு போர்டு — செருப்பைக் கழட்டவும். சாமிக்காக இல்லங்க... வைரஸுக்காக!

"வைரஸ்னா கிருமிண்ணே. தூசியோட வரும், செருப்போட வரும். ஒருத்தரையும் விட்றாதீக"ன்னாரு ஓனரு. காலேஜ் படிச்ச மனுசன். பாஸ்வேர்டு? அவுக குலசாமி பேரு. டீக்கடைக்காரருக்கே தெரியும்.

அங்க கூட்டிப் பெருக்குறது சவரியம்மா. புருசன் இல்ல. ஒரே மக, மிஷன் ஸ்கூல்ல படிச்சுக்கிட்டு இருந்துச்சு. அந்தச் சம்பளத்துலதான் ரெண்டு உசுரும். சுகர் வந்து கால்ல புண்ணு. வெறுங்காலோட நடக்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. வலி தாங்காம ஒருநா செருப்போடவே ரூமுக்குள்ள போய்த் தொடச்சிருச்சு.

மறுநா கம்ப்யூட்டரு செத்துக் கெடக்கு. ஒரு டிசைனும் இல்ல.

"எவ செருப்போட உள்ள போனது?"

"நாந்தாங்கய்யா... கால்ல புண்ணு..."

"உன் புண்ணுக்கு என் கம்பெனியா சாகணும்? போ வெளிய!"

அம்புட்டுத்தான். அதுக்கப்புறம் மெக்கானிக் வந்து கழட்டிப் பாத்தாரு. சிரிச்சுட்டாரு. "சார், வைரஸ் என்ன மூட்டப்பூச்சியா, செருப்புல தொத்திக்கிட்டு வர? இந்தா, உள்ளயே இருக்கு பாருங்க, திருட்டு சினிமா சிடி. இதுலதான் வந்திருக்கு. யாரு போட்டது?"

ஓனரோட மச்சினன் சொவத்தப் பாத்தாரு. அவரு சினிமா பாக்க வந்தப்ப, செருப்ப அழகா வெளிய விட்டுட்டுத்தான் போனாரு.

சவரியம்மாளக் கூப்புட்டாகளா? எங்க! "வெளிய பேசாதீகண்ணே, பொண்டாட்டி தம்பியாச்சே"ன்னுட்டாரு ஓனரு.

நான் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். நம்பல அந்தம்மா. "ஆறுதலுக்குச் சொல்றீக. படிச்சவுக தப்பாவா சொல்லுவாக?"

தெருவுல பேரே 'வைரஸ் அக்கா'ன்னு ஆகிப்போச்சு. வேல கேட்டுப் போன எடத்துக்கெல்லாம் அந்தப் பேரு முன்னாடியே போயிருச்சு. வைத்தியத்துக்கு வழியில்ல. முதல்ல கால எடுத்தாக. அப்புறம் ஆளே போயிருச்சு. மிஷினக் கெடுத்த பாவத்துக்கு மாதாகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டே போயிருச்சு...

போன வாரம் ஒரு லாரி ஆபீஸ்ல ஒக்காந்திருந்தேன். அந்த மொதலாளி சொல்றாரு, "கேட்டுல ஆளு, வாசல்ல கேமரா. நம்ம கம்ப்யூட்டர எவன் தொடுவான்?" மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன் — அட மாப்ள, வாரவன் வாசல்ல நின்னு கேட்டுட்டா வாரான்? நமக்கு வேண்டப்பட்ட ஆளு கையிலல்ல வாரான்!

சவரியம்மா மகள அந்த மிஷன் ஸ்கூல் சிஸ்டருமாருகளே படிக்க வச்சாகளாம். இப்ப கொட்டாம்பட்டிப் பக்கம் டீச்சரா இருக்குன்னு கேள்வி. யாராச்சும் பாத்தீகன்னா ஒரு வார்த்த சொல்லிருங்க — உங்கம்மா செருப்பு ஒண்ணும் பண்ணல, தாயி.