அயர்லாந்துக் கடலில் அள்ளிய தண்ணீர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், என் மாமியார் யாழ்ப்பாணத்தில் இறந்த செய்தி கனடாவில் எங்கள் ஸ்காபரோ வீட்டுக்கு வந்தபோது, என் கணவர் அழவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டு வேலைக்குப் போனார். "உங்களுக்குக் கல்லு மனசு" என்று சொல்லிவிட்டேன்.

கனடா பாஸ்போர்ட் கிடைத்த பிறகும், சண்டையால் ஊருக்குப் போக வழியில்லை. அவரோடு வேலை செய்த அயர்லாந்துக்காரர், தன் கடற்கரைக் கிராமத்து வீட்டில் ஒரு கிழமை தங்கிவிட்டு வரச் சொன்னார்.

அங்கே போன முதல் நாள் காலை, இடிந்த பழைய தேவாலயத்தைப் பார்த்துவிட்டுக் கரையோரப் பாதையில் நடந்தோம். ஆள் நடமாட்டமே இல்லை. திடீரென்று என் கணவர் காலில் போட்ட சப்பாத்தோடு அலைக்குள் இறங்கி, தண்ணீரை அள்ளி வாயில் வைத்தார்.

"என்னப்பா செய்யிறியள்?"

"உப்பு" என்றார். உப்பில்லாத ஒன்ராறியோ ஏரிக்கரையில் எத்தனையோ தடவை நின்றிருக்கிறோம். ஒருநாளும் அவர் குனிந்ததில்லை.

"அம்மாவின்ரை சாம்பலைக் கீரிமலைக் கடலிலைதானே கரைச்சவை. அந்தக் கடலும் இதோடை வந்து சேரும், என்ன?"

"ஓம்" என்றேன்.

அப்போதுதான் அழுதார், குழந்தையைப்போல. நானும் அந்தக் குளிருக்குள் இறங்கி அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. இங்கே எழுதிக் கேட்கிறேன். அவர் இந்தப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் வாசிப்பவர்.