இரண்டு கரையில் கேட்ட பூ

பிரஜோற்பத்தி வருஷம் ஆவணி மாதம் பன்னிரண்டாம் தேதி, காலை ஏழேகால் மணி. மோல்மீனில் விடாத மழை. நாங்கள் தங்கித் தொழில் செய்யும் கிட்டங்கிக்கு எதிர்வீட்டுப் பர்மியக் கிழவி, வழக்கம்போல் புத்தர் சிலைக்கு முன் பூ வைத்தாள். "என்ன கேட்டுக்கொண்டாய்?" என்று எனக்கு வந்த பர்மியப் பேச்சில் விசாரித்தேன். "கேட்பதற்கு அங்கே யார் இருக்கிறார்?" என்று சிரித்தாள். முப்பத்தெட்டு வருஷம் இந்த நாட்டில் இருந்தும் இந்தப் பதில் எனக்குப் பிடிபடவில்லை. கேட்க ஆளில்லை என்றால் பூ எதற்கு?

காரைக்குடியில் பூவே கேட்பதற்குத்தான். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே இலையில் பொட்டலம் கட்டிச் சந்நிதியில் போட்டு, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் உத்தரவு; சிவப்பு வந்தால் கூடாது. என்னைக் கப்பலேற்றலாமா என்று அப்பச்சி முருகனிடம் கேட்டபோது வெள்ளை வந்தது. பக்கத்தில் நின்ற நான், சிவப்பு வரவேண்டும் என்று அதே முருகனிடம்தான் வேண்டிக்கொண்டிருந்தேன். அப்பா ஒன்றும் பிள்ளை ஒன்றும் கேட்டால் அவர் யார் பக்கம் என்ற சந்தேகம் அன்றைக்குப் பிடித்தது.

இந்தச் சித்திரையில் வலது கண்ணில் புரை முற்றிவிட்டது. இடது கண் போய் ஆறு வருஷமாகிறது. உடனே அறுக்காவிட்டால் இதுவும் போகும் என்றார் பர்மிய டாக்டர். அறுத்துக் கெட்டாலும் இருட்டுத்தான். ஊருக்கு விவரம் எழுதிவிட்டு, இங்குள்ள நம் முருகன் கோயிலில் பூக் கேட்டேன். பண்டாரம் பொட்டலத்தைப் பிரித்தார். "சிவப்புங்க. வேண்டாங்கிறாரு."

டாக்டரிடம் போய், பெரியவர் ஒருவர் வேண்டாம் என்கிறார் என்றேன். வேறு டாக்டர் யாரோ என்று நினைத்துக்கொண்டு, "அவர் விளக்குப் பிடித்துக் கண்ணைப் பார்த்தாரா?" என்று மரியாதையாகவே கேட்டார். பார்க்கவில்லை என்றேன். "பார்க்காமல் எப்படிச் சொன்னார்?"

படியிறங்கும்போது எனக்குக் கோபம் வந்தது. டாக்டர்மேல் அல்ல, முருகன்மேல். இல்லாத ஒருவர்மேல் இத்தனை கோபம் வருமா? இருக்கிறார் என்று நம்புகிறவன் அவர் சொல்லை மீறுவானா? நான் மீறினேன். அந்த வெள்ளிக்கிழமையே ஆஸ்பத்திரி மேஜையில் படுத்தேன். கண் பிழைத்தது.

போன வாரக் கப்பலில் கோட்டையூரிலிருந்து என் மைத்துனன் வந்தான். என் மனைவியின் தம்பி; அக்காளை ஆச்சி என்றுதான் கூப்பிடுவான்.

"நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம், அயித்தான்."

"முன்னைக்குக் கொஞ்சம் கறுத்திருக்க."

"அப்ப நல்லாவே தெரியுது! ஆச்சி சொன்னது சரியாப்போச்சு. கண்ணை அறுத்துக்கலாமான்னு நம்ம முருகன்கிட்ட அங்குட்டுப் பூக் கேட்டாக. வெள்ளை வந்துச்சு."

"இங்குட்டுச் சிவப்புல்ல வந்துச்சு."

அவன் கொஞ்சம் விழித்தான். "அப்ப நீங்க யாரு பேச்சைக் கேட்டீக?"

"டாக்டர் பேச்சை."

"ரெண்டு கரையிலயும் முருகன் இருக்க, நடுவுல பர்மாக்காரன் பேச்சா! நல்லா இருக்கீக போங்க."

அவன் சிரித்துவிட்டுக் குளிக்கப் போனான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே முருகன், ஒரே கண், இரண்டு பதில். அங்கே சொன்னவர் இருக்கிறார் என்றால் இங்கே சொன்னவர் யார்? இருவரும் ஒருவரே என்றால், யாருமே சொல்லவில்லையோ? அப்படி முடிவுகட்டவும் தைரியமில்லை. கண் ஒன்றுதான் மிச்சம்.

நேற்றுக் காலை இங்குள்ள முருகன் கோயிலில், சொல் மீறியதற்குப் பிழை பொறுக்கும்படி அபிஷேகம் செய்வித்தேன். அங்கே நன்றிக்கு ஓர் அபிஷேகம் செய்யச் சொல்லி மனைவிக்குப் பணம் அனுப்பினேன். இந்தக் கரையில் நான் உத்தரவை மீறியவன். அந்தக் கரையில் உத்தரவுப்படி நடந்தவன். இருவருக்கும் ஒரே கண். எவர் மனமும் கோணாதபடி இரண்டு பக்கமும் சமமாக, இங்கே இருபத்தொன்று, அங்கே இருபத்தொன்று. மணியார்டர் கூலி ஆறணா. ஆக நாற்பத்திரண்டு ரூபாய் ஆறணா.