அறிவிப்பு அக்காவும் காணாமல்போன ஹார்னும்

ஆட்டக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் அறிவிப்பு அக்கா. பேருந்து ஓட்டும் ஆன்லைன் விளையாட்டு ஒன்றைத் தயாரிக்கும் நிறுவனத்தில், ஆடுகிறவர்களிடம் பேசுவதுதான் அவள் வேலை. என்ன மாறியது, ஏன் மாறியது, பழுதானது எப்போது சரியாகும் என்று விளையாட்டின் குரூப்பில் எழுதுவாள். அவர்கள் திட்டுவதை வடிகட்டி, சாரத்தை மட்டும் உள்ளே கொண்டுபோய்ச் சொல்வாள். அதற்கு முன்பு ஒரு தொலைபேசி நிறுவனத்தில் புகார் கேட்கும் இருக்கையில் பல வருடம் இருந்தவள். அங்கே இணைப்பு சரியாகிவிட்டால் ஆள் போய்விடுவார். இங்கே ஆள் போவதே இல்லை.

ஒருமுறை வந்த அப்டேட்டில் விளையாட்டுக்குள் மழை வந்தது. கண்ணாடியில் துளிகள் வழியும், வைப்பர் ஓடும், நனைந்த சாலையில் விளக்கு வெளிச்சம் சிதறும். அலுவலகமே அதற்காக உயிரைக் கொடுத்திருந்தது. அவளும் மழையைப் பற்றி ஆசை ஆசையாக நாலு பத்தி எழுதிப் போட்டாள். காபி எடுத்துக்கொண்டு வந்து உட்கார்வதற்குள் குரூப் கொதித்துக்கொண்டிருந்தது. மழையைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: பழைய ஹார்ன் எங்கே?

ஹார்ன் மாறியதே அவளுக்குத் தெரியாது. எழுந்து புரோகிராமரிடம் போனாள். அவருக்கு அலுவலகத்தில் ஹெட்செட் என்று பெயர். பாட்டு ஓடாவிட்டாலும் அதைக் காதிலிருந்து கழற்ற மாட்டார். யாரும் பேச வந்துவிடக் கூடாதே என்ற பயம்.

"ஹார்னை மாத்தினீங்களா?"

"கொஞ்சம்."

"ஹார்ன்ல என்ன கொஞ்சம்? எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சின்ன விஷயம். யாரும் கவனிக்க மாட்டாங்கன்னு நினைச்சோம்."

"ஹார்ன் அடிக்கிறதுக்குன்னே பஸ் ஓட்டுற கூட்டம் அது."

அவர் மேனேஜரின் அறையைக் கண்ணால் காட்டினார். மேனேஜர் தலையைக்கூடத் தூக்கவில்லை. "'ஒலி அனுபவம் மேம்படுத்தப்பட்டுள்ளது'ன்னு ஒரு வரி போட்டுடுங்க. ரெண்டு நாள்ல அடங்கிடும்" என்றார்.

போட்டாள். அடங்கவில்லை. அந்த வரியையே பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் தன் வீட்டுக் குழாய் உடைந்து தண்ணீர் பீய்ச்சுவதைப் படம் எடுத்து, 'நீர் அனுபவம் மேம்படுத்தப்பட்டுள்ளது' என்று போட்டார். அந்த முதல் வரியை எழுதியது வேறு யாராவதாக இருந்தால் அவளும் சிரித்திருப்பாள்.

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அதே பஞ்சாயத்து. மாடியில் குடியிருக்கும் நாத்தனார் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். பகலெல்லாம் பல்வலிக்காரர்களைச் சமாளித்துவிட்டு, சாயங்காலம் வந்ததும் அந்த விளையாட்டில் பஸ் ஓட்டினால்தான் அவளுக்கு மனசு ஆறும். காய்ந்த துணியை எடுக்க மாடிக்குப் போன அறிவிப்பு அக்காவைப் படியிலேயே மறித்தாள்.

"அண்ணி, அது ஹார்னா? ஜலதோஷம் பிடிச்ச ஆடு மாதிரி கத்துது."

"நான் மாத்தல."

"மேம்படுத்திட்டோம்னு எழுதினது நீங்கதானே?"

"எழுதச் சொன்னாங்க."

"அதை ஒரு தடவையாவது காதால கேட்டீங்களா?"

கேட்கவில்லை. நாத்தனார் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதன்பின் பேச்சில்லை, பால் பாக்கெட் வாங்கி வரச் சொல்வதுகூடத் தன் அண்ணன், அதாவது இவள் கணவன், மூலமாகத்தான். கணவனிடம் முறையிட்டால், "நான் ரெண்டு பேருக்கும் வேணும்" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு டிவி முன்னால் போய்விட்டான்.

மறுநாள் அலுவலகத்தில் முதல் வேலையாக அந்த ஹார்னைக் கேட்டாள். ஆடேதான். நேராகப் போய் ஹெட்செட்டின் காதிலிருந்ததைத் தன் கையாலேயே கழற்றி மேசையில் வைத்தாள்.

"இதை எவன் மேம்படுத்தினது?"

அவர் கீபோர்டைத் தள்ளி வைத்தார். "மேம்படுத்தல. தேவையில்லாத ஃபைலையெல்லாம் சுத்தம் பண்ணப்ப பழைய சத்தமும் சேர்ந்து அழிஞ்சு போச்சு. வேற காப்பி எடுத்து வைக்கல. அவசரத்துக்குக் கிடைச்சதைப் போட்டோம்."

"யார் யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும்." யோசித்துவிட்டு, "உங்களைத் தவிர" என்றார்.

ஊரே திட்டியபோது வராத கோபம் அப்போதுதான் வந்தது. மேனேஜரிடம் போனாள்.

"பொய்னு தெரியாமலே என்னைப் பொய் சொல்ல வச்சிட்டீங்க. நடந்ததை அப்படியே எழுதப் போறேன்."

"கம்பெனி மானம் போயிடும்மா. 'தவிர்க்க முடியாத தொழில்நுட்பக் காரணங்களால்'னு ஆரம்பிங்களேன்."

"அப்படின்னா அதை உங்க பேர்ல நீங்களே போடுங்க. வர்ற பதிலையும் நீங்களே படிங்க."

குரூப்பைத் திறந்து பார்த்த மேனேஜர், பதில்களில் கீழே இறங்க இறங்க முகம் மாறி, ஃபோனைக் கவிழ்த்து வைத்தார். "சரி, எழுதுங்க."

அவள் எழுதியது சில வரிகள்தான். பழைய ஹார்ன் எங்கள் கவனக்குறைவால் அழிந்துவிட்டது. மேம்பாடு என்று நான் எழுதியது தவறு, மன்னியுங்கள். உங்களிடம் பழைய வீடியோக்கள் இருந்தால் அனுப்புங்கள், அதிலிருந்து எடுக்கப் பார்க்கிறோம்.

திட்டினார்கள். ஆனால் திட்டிக்கொண்டே அனுப்பினார்கள். ஹார்னுக்குப் பின்னால் குழந்தை அழும் வீடியோ, யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிடும் வீடியோ. ஒருவர் தன் வாயாலேயே ஹார்ன் அடித்து, இதுதான் அசல் என்று சத்தியம் செய்தார். எது அசல் என்பதில் அவர்களுக்குள்ளேயே அடிதடி. எல்லாவற்றையும் உட்கார்ந்து கேட்டது ஹெட்செட்தான். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் ஹெட்செட்டுக்கு உருப்படியான வேலை கிடைத்தது என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள்.

ஒருவழியாகப் பழைய ஹார்ன் திரும்பி வந்தது. அன்று சாயங்காலமே வேறொரு கூட்டம் கிளம்பியது: ஆட்டுச் சத்தம்தான் எங்களுக்குப் பிடித்திருந்தது, யாரைக் கேட்டு எடுத்தீர்கள்? அவள் நெற்றியை மேசையில் முட்டிக்கொண்டாள். பிறகு, வேண்டியதை வேண்டியவர் வைத்துக்கொள்ளட்டும் என்று இரண்டு ஹார்னையும் விளையாட்டில் கொடுக்க வைத்தாள். நாத்தனார் இறங்கி வந்து, "இப்பதான் பஸ் மாதிரி இருக்கு" என்றாள். அவ்வளவுதான் அவளுடைய சமாதானம். கூடவே, பக்கக் கண்ணாடி சரியாகத் தெரியவில்லை என்று அடுத்த புகாரையும் ஆரம்பித்தாள்.

மேனேஜருக்கோ இப்போது ஒளிவுமறைவின்மையில் தலைகால் புரியாத உற்சாகம். மாதம் ஒருமுறை நேரலையில் ஆட்டக்காரர்களிடம் பேச வேண்டும் என்றார். முதல் நேரலையிலேயே, இருட்டில் பஸ் ஓட்டும் வசதி வேண்டும் என்று யாரோ கேட்டார்கள் என்பதற்காக, "இரவு ஓட்டம் அடுத்த மாசம் வந்துடும்" என்று ஹெட்செட் சொல்லிவிட்டார். அந்த வேலை தொடங்கப்படவே இல்லை. கேமரா பார்த்துக்கொண்டிருந்ததால் அவளால் பல்லைக் கடிக்கக்கூட முடியவில்லை.

அடுத்த மாதம், யாரும் கேட்பதற்கு முன்பே அவள் எழுதினாள்: இரவு ஓட்டம் இன்னும் தயாராகவில்லை. ஆர்வத்தில் வாக்குக் கொடுத்துவிட்டோம். எப்போது முடியும் என்று எங்களுக்கே தெரியாது, தெரிந்ததும் சொல்கிறோம். மேனேஜர் படித்துவிட்டு ஒரு சொல்லையும் மாற்றாமல் திருப்பிக் கொடுத்தார்.

அன்றும் திட்டு குறைவில்லாமல் வந்தது. சோம்பேறிகள் என்றார்கள், வேலை தெரியாதவர்கள் என்றார்கள். பொய் சொல்கிறீர்கள் என்று மட்டும் ஒருவரும் எழுதவில்லை. அவள் கடைசிவரை படித்து அதை உறுதிசெய்துகொண்டாள். பிறகு கழுத்தை நெட்டி முறித்துவிட்டு, மேலே இருந்த திட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பதில் எழுத ஆரம்பித்தாள்.