கையில் கோப்பை இருக்கும்வரை

எங்கள் சமையலறைத் தட்டில், தேத்தண்ணிக் குவளைகளுக்கு நடுவே, பிடி உடைந்த ஒரு நீலக் கோப்பை இருக்கிறது. அதில் யாரும் எதுவும் குடிப்பதில்லை. பிடி இல்லாததால் இரண்டு கைகளாலும் ஏந்தித்தான் பிடிக்க வேண்டும். என் வழிகாட்டி எனக்குத் தந்தது அது.

சமூகப் பணியாளர் பட்டத்துக்குப் படிக்கப் போனபோது எனக்கு நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. அதுவரை முதியோர் இல்லத்தில் வேலை. டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் கோல்டிங்கிலிருந்து எஸ்பியர்க் நகரத்துக்கு ரயிலேறி வகுப்புக்குப் போவேன். மற்ற நாட்களில் நகரசபையின் குடும்பப் பிரிவில் பயிற்சி. வேலையும் படிப்பும் ஒன்றாக ஓடும். பயிற்சியில் தேறாவிட்டால் பட்டம் இல்லை. அங்கே எனக்குப் பயிற்சி தந்த வழிகாட்டிக்கு முப்பது வயதுகூட இருக்காது. எந்த மழைக்கும் சைக்கிளில்தான் வருவார். ஈரக் காலுறைகளை ஹீட்டரில் காயப்போட்டுவிட்டு வெறுங்காலோடு கூட்டத்தில் வந்து உட்காருவார். மனதுக்குள் நான் அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவேன்.

முதல் வீட்டுக்கு அவரோடு போனது அப்படியே நினைவிருக்கிறது. மகன் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கிற ஒரு இளம் டெனிஷ் தாய். பேசத் தொடங்கியவள் பாதியில் அழுதாள். பிறகு ஒரே மௌனம். என்னால் அதைத் தாங்க முடியவில்லை. எழுந்துபோய், தொட்டியில் குவிந்திருந்த பாத்திரங்களைக் கழுவத் தொடங்கிவிட்டேன். அழுகிற வீட்டுக்குப் போனால் எங்கள் பெண்கள் அதைத்தானே செய்வார்கள்? ஒருத்தி தேத்தண்ணி வைப்பாள், ஒருத்தி பாத்திரம் தேய்ப்பாள். தேய்த்தபடியே, பிள்ளையைக் காலையில் எப்படி எழுப்புவது, என்ன சமைத்துக் கொடுப்பது என்று புத்திமதியும் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நன்றி சொன்னாள். எனக்கு ஒரே பெருமை.

திரும்பும்போது அலுவலகக் காரில் வழிகாட்டி கேட்டார்: "பாத்திரங்கள் நன்றாகப் பளபளத்தன. அவர் எதற்காக அழுதார் என்று தெரிந்ததா?"

தெரியவில்லை என்றேன்.

"எனக்கும் தெரியாமல் போய்விட்டது," என்று சிரித்தார்.

மறுநாள் இந்தக் கோப்பையில் கோப்பி ஊற்றித் தந்து ஒரு விதி சொன்னார். இது கையில் இருக்கும்வரை நான் பேசக் கூடாது. இரண்டு கையும் தேவைப்படுவதால் பாத்திரமும் கழுவ முடியாது. பழகிப் பாருங்கள், வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார்.

வீட்டில் சொன்னபோது கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப வாயை மூடிக்கொண்டு இருக்கிறதுக்கும் டிகிரி குடுக்கினமோ? உமக்கு இந்த ஆயுசு காணாது."

அந்தத் தாயை அடுத்த முறை சந்திக்குமுன் யாரையாவது வைத்துப் பழகிப் பார்க்க வேண்டும். அப்போது மகள் ஜிம்னாசியத்தில், எங்கள் ஊர்க் கணக்கில் உயர்தர வகுப்பில், புதிதாகச் சேர்ந்திருந்தாள். "பள்ளிக்கூடம் போக விருப்பமில்லாத பிள்ளையா ஒருக்கா நடி பிள்ளை," என்று கேட்டேன். நான் கோப்பையை ஏந்திக்கொள்ள, சமையலறை மேசைக்கு எதிரே வந்து இருந்தாள். தன் பெயர் மெட்ட என்று, ஒரு டெனிஷ் பெண்ணாக, டெனிஷில் தொடங்கினாள். முதலில் சிரிப்பு அடங்கவில்லை. பிறகு சொன்னாள்: மத்தியானத்தில் எல்லாரும் கூட்டம் கூட்டமாக மேசைகளில் இருப்பார்கள், எந்த மேசைக்குப் போவது என்று எனக்குத் தெரியாது, அதனால் கழிவறைக்குள் இருந்து சாப்பிடுவேன். நன்றாக நடிக்கிறாள் என்று நினைத்தேன். "அம்மா இடியப்பம் கட்டித் தருவா," என்றாள். "பிளேட் இல்லாததால மடியில வைச்சுத்தான் சாப்பிடுவன்."

மெட்டவின் அம்மா இடியப்பம் கட்டமாட்டாள்.

எழுந்து கட்டிப்பிடிக்க வேண்டும், ஆசிரியைக்கு உடனே தொலைபேசி எடுக்க வேண்டும், அழ வேண்டும் போலிருந்தது. ஆனால் கைகளில் கோப்பை. அதை இறுக்கிப் பிடித்தேன். அவள் சொல்லிக்கொண்டே போனாள், எப்போது டெனிஷிலிருந்து தமிழுக்கு மாறினாள் என்று இருவருக்கும் தெரியவில்லை. முடிந்ததும் அவளே கோப்பையை வாங்கி மேசையில் வைத்தாள்.

"நான் என்ன செய்ய, பிள்ளை?"

"ஒண்டும் வேண்டாம். டீச்சரோட நானே கதைக்கிறன். நீங்கள் பக்கத்தில இருந்தாக் காணும்."

அவள் பேசினாள். நான் பக்கத்தில் இருந்தேன், வாய் திறக்காமல். ஆசிரியை அவளைப் பள்ளி நாடகக் குழுவில் சேர்த்துவிட்டார். நடிப்பில் அவள் எவ்வளவு கெட்டிக்காரி என்று எனக்கு முன்பே தெரியும். அதுவரை வீட்டில் எங்களுக்கு ஒன்றும் தெரியாமல் நடித்தவளாயிற்றே. அந்த டெனிஷ் தாய், நாங்கள் மறுபடி போனபோது, "இன்றைக்குப் பாத்திரமெல்லாம் கழுவிவிட்டேன்," என்று கேலியாகச் சொன்னாள். வழிகாட்டி சிரிப்பை மறைக்கக் குனிந்து தன் காலுறைகளைப் பார்த்துக்கொண்டார். அன்று அவள் நிறையப் பேசினாள், தன் பயத்தையெல்லாம். நான் பேசவேயில்லை. பயிற்சியில் தேறினேன். கோப்பையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது வழிகாட்டி வாங்கவில்லை. "உங்களுக்கு இன்னும் தேவைப்படும்," என்றார்.

இப்போது அதே பிரிவில்தான் வேலை. மத்தியானமானால் என் சாப்பாட்டைத் திறக்குமுன் மனம் மகளுடைய பள்ளிக்கூடத்துக்கு ஒருமுறை ஓடிவிட்டுத்தான் வரும். நேற்றுப் பின்னேரம் கதவு திறந்தபோது இரண்டு குரல் கேட்டது. மகளும் நாடகக் குழுச் சிநேகிதியும் மழையில் தொப்பலாக நின்றார்கள். "ஏன் இப்பிடி நனைஞ்சியள், சாப்பிட்டியளோ, தலையைத் துடையுங்கோ," என்று தொடங்கினேன். மகள் தட்டிலிருந்து நீலக் கோப்பையை எடுத்து என் கைகளில் வைத்தாள்.

"அம்மா, பிடியுங்கோ."

உன் அம்மாவுக்கு ஏன் வெறுங்கோப்பை என்று சிநேகிதி டெனிஷில் கேட்டாள். மகள் அவளுக்கும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். இரண்டு பேரும் என் எதிரே இருந்து, ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள்.